தனேஸ்வரனுக்குப் போர்த்திய பொன்னாடை

யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். தலைவர் வந்தால் பொன்னாடை, துணைத் தலைவர் வந்தால் பொன்னாடை, பந்தல் போட்டவருக்கு ஒன்று, மைக் செட்காரருக்கு ஒன்று. போன வருடம் ஜெனரேட்டர் கொண்டுவந்தவருக்குப் போர்த்தப் போய், மனுஷர் எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்துகொண்டு நின்றார். என் வீட்டு அலமாரியில் என் கணவருக்கு வந்தவை மட்டும் ஓர் அடுக்கு இருக்கின்றன. நாற்காலிக்கு உறை தைக்கக்கூட ஆகாத துணி.

என் கணவர் மகேந்திரன் கோயில் கமிட்டியின் செயலாளர். ஈப்போவிலிருந்து தெற்கே போகும் பழைய சாலையோரம், நாங்கள் இருவரும் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் அது. தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் பாதி வெட்டி, வீடு கட்ட அளந்து கல் ஊன்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஈப்போவில் ஆளுக்கொரு தாமானில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை ரதம் இழுக்க எல்லாரும் காடியில் வந்து இறங்குவோம்.

ரதம் பெரிய சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் போலீஸ் பெர்மிட் வேண்டும், வண்டிகளை நிறுத்திப் பிடிக்கப் போக்குவரத்துப் போலீஸ் வேண்டும். இந்த வருடம் வந்தவன் கோப்ரல் தனேஸ்வரன். எங்கள் தோட்டத்துப் பையன்தான். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே லயத்து வீடுகளில் இருந்தவர்கள். ஈப்போவில் ஏதாவது சந்திப்பில் அவன் வெள்ளைச் சட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டால் எங்கள் பெண்கள் கண்ணாடியை இறக்கிக் கை காட்டாமல் போகமாட்டார்கள். அவ்வளவு பெருமை.

திருவிழாவுக்கு முன் நடந்த கூட்டத்துக்கு அவன் சட்டைக்கு மேல் போடும் வெஸ்ட் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். கண் கூசும் இளம்பச்சை, முன்னும் பின்னும் வெள்ளிப் பட்டை. மண்டபத்து விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினான். பட்டை பளிச்சென்று எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

"பொழுது சாயிற நேரம் அண்ணே. டிரைவருக்கு நம்ம மூஞ்சி தெரியாது, இதுதான் தெரியும். ரோட்டுல நிக்கிற தொண்டருங்க எல்லாரும் போட்டுக்கணும்," என்றான்.

எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். திருவிழா அன்று ஒருவரும் போடவில்லை. புது ஜிப்பாவை மறைக்கிறதாம். வெஸ்டெல்லாம் ரதத்தின் பின்னால் மூட்டையாகக் கிடந்தன. தனேஸ்வரன் மட்டும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றான்.

ரதம் கோயில் வாசலைத் தாண்டும்போது தூறல் விழத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு பெண்கள் கூட்டத்தின் முன்னால் இருந்தேன். அப்போது என் கணவர் கையில் பொன்னாடையோடு ரோட்டுக்கு ஓடினார். வழக்கமாகப் போர்த்தும் ஜரிகைத் துண்டு இல்லை அது. சட்டமன்ற உறுப்பினருக்கென்று வாங்கிய கருநீல வெல்வெட் சால்வை, போர்த்தினால் முழங்கால் வரை தொங்கும். அவர் வரத் தாமதமாகும் என்று செய்தி வந்திருக்கிறது. சரி, நம் தோட்டத்துப் பிள்ளைக்கே போர்த்திவிடுவோம் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். அந்த நாளில் நான் இவரிடம் குறை சொல்ல முடியாதது அந்த எண்ணம் ஒன்றுதான்.

தலைவர் இராமசாமி ஒரு முனையையும் இவர் ஒரு முனையையும் பிடித்துப் போர்த்தினார்கள். மேளக்காரர்கள் கெட்டிமேளம் அடித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். தனேஸ்வரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஒரு லாரியை நிறுத்தக் கையைத் தூக்கினான், சால்வை நழுவியது.

"சரளா, ஊக்கு இருந்தா குடு," என்றார் இவர்.

என் சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நான்தான் கொடுத்தேன். இவர் சால்வையை இழுத்துக் கழுத்துக்குக் கீழே குத்தினார். அதோடு பச்சையும் இல்லை, வெள்ளிப் பட்டையும் இல்லை.

"அண்ணே, வெஸ்ட் மறையுதுல்ல. கழட்டிக் குடுத்துர்றேனே," என்றான் தனேஸ்வரன்.

"இரு தம்பி, இரு. அம்மன் தாண்டட்டும். அம்மன் முன்னால கழட்டக்கூடாது லா."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. படம் பிடிக்கிற பையன் ரதத்துக்குப் பின்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வந்து ஒரு படம் எடுக்கும்வரை சால்வை தோளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் கண் பின்பக்கமே தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. தனேஸ்வரனும் பெரியவர் பேச்சைத் தட்டத் தெரியாதவன். "சரிண்ணே" என்று திரும்பிப் போய் நின்றுகொண்டான்.

வேன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ரதத்தின் விளக்குகளைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் ரதத்துக்கு முன்னால், தனக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நிற்பது ஓட்டியவனுக்குத் தெரியவில்லை. தனேஸ்வரன் கையில் சிவப்பு விளக்குக் கோல் இருந்தது. ரதம் முழுக்கச் சிவப்பு பல்புதான், பிள்ளைகள் கையில் ஆட்டுகிற குச்சிகளும் சிவப்புதான். அதில் போலீஸ்காரர் விளக்கு எது என்று யார் கண்டது? பிரேக் சத்தம் கேட்டு நான் திரும்பியபோது தனேஸ்வரன் நின்ற இடத்தில் வேன் நின்றது.

வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தவன் ஹாபிஸ். எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜைனுலாப்தீன் பாயின் மகன். வேனுக்குள் எங்கள் ஊர்வலத்துக்கான ரோஸ் சிராப் டிரம்கள் இருந்தன. பாய் வருடாவருடம் கேட்காமலே அனுப்பி வைப்பது. அவை கவிழ்ந்து தார் ரோடெல்லாம் சிவப்பாக ஓடியது. முதலில் நான் அதைத் தனேஸ்வரனின் ரத்தம் என்று நினைத்துக் கத்தினேன்.

ஊக்கு பிய்ந்து சால்வை ஓரமாகக் கிடந்தது. ஓடிவந்தவர்கள் அதை மிதித்தார்கள். இவர் குனிந்து அதை எடுத்து, மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். பொன்னாடை காலில் படக்கூடாது என்ற பழக்கம். மறைக்க வேண்டும் என்று எடுக்கவில்லை, அதை நான் எந்த சன்னிதியிலும் சத்தியம் செய்வேன். மறைத்தது அதற்குப் பிறகு.

தனேஸ்வரன் பிழைத்துக்கொண்டான். இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கிவிட்டன. வாக்குமூலம் கொடுக்கும் நிலையில் அவன் அப்போது இல்லை. மறுநாள் கோயில் மண்டபத்தில் எங்களை விசாரித்த இன்ஸ்பெக்டர் அம்மா கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார். கோப்ரல் வெஸ்ட் போட்டிருந்தாரா?

"போட்டிருந்தார்," என்றார் இவர்.

அது பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் அவன் உடம்பிலிருந்து கத்தரித்து எடுத்த வெஸ்ட் போலீஸ் கையில் இருந்தது. அதற்கு மேல் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? நடுரோட்டில் டூட்டி பார்க்கிற போலீஸ்காரருக்குப் பொன்னாடை போர்த்தி ஊக்கும் குத்துகிற ஆட்கள் உலகத்திலேயே நாங்கள்தானே.

இன்ஸ்பெக்டர் போனதும் இராமசாமி மண்டபக் கதவைச் சாத்தினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததுக்கு வாயத் தொறக்காதீங்க. போன்ல படம் கிடம் இருந்தா அழிச்சிருங்க. பெர்மிட்டப் புடுங்கிட்டானுங்கன்னா அடுத்த வருசம் ரதம் இல்ல. ரதம் இல்லாத கோயிலத் தள்ளிட்டு வீடு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் போனை எடுத்துக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். என் போனில் படம் எதுவும் இருக்கவில்லை, இருந்தாலும் குனிந்துகொண்டேன்.

ஹாபிஸ் முதலிலிருந்தே ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். பளபளப்பாக ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக ஏதோ கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. அவனை யார் நம்புவார்கள்? வெஸ்ட் போட்டவரைப் பார்க்கவில்லை என்றால் போனைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான் என்று முடிவு கட்டினார்கள். ஆபத்தாக வண்டி ஓட்டியதாகக் கேஸ் எழுதினார்கள். உள்ளே போக வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

போலீஸ் ஒரு பக்கம் என்றால் எங்கள் ஆட்கள் இன்னொரு பக்கம். வாட்ஸ்அப்பில் யாரோ, சாமி ஊர்வலத்தில் வேண்டுமென்றே ஏற்றிவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு விரலால் தள்ளிவிடுகிறவர்களுக்கு என்ன போச்சு? முன்பெல்லாம் பாய் கடையில் காலையில் இடம் பிடிக்க நிற்க வேண்டும். இப்போது அந்தக் கடையில் மேசைகள் காலியாகக் கிடந்தன. இருபது வருடமாக அங்கே ரொட்டி சானாய் தின்று வளர்ந்த வயிறுகள் எதிர்க்கடைக்கு மாறிக்கொண்டன. என் கணவரும் மாறினார். அவர் மாறியது கோபத்தில் இல்லை. பாய் முகத்தைப் பார்க்க முடியாமல்தான்.

எனக்கு மட்டும் முடிந்ததா என்ன? பாசாருக்குப் போய்த் திரும்பும்போது ஒருநாள் ஹாபிஸின் அம்மா ஃபரீதா கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சரளா, உள்ள வா லா. என்னா ஆளையே காணோம்?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவளே ஒரு கிளாஸ் தே தாரேக் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"நீ அங்கதானே இருந்தே. எம்புள்ள சத்தியம் பண்றான், பளபளன்னு ஒண்ணுமே தெரியல உம்மான்னு. அவுங்க வாப்பாவே நம்ப மாட்டேங்கிறாரு. நீ பாத்தியா? என்னா பாத்தே, சொல்லு."

"நான் அம்மன் பக்கம் திரும்பி நின்னுகிட்டிருந்தேங்க்கா," என்றேன்.

"ஒண்ணுமே பாக்கலியா?"

"இல்லக்கா."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்ல. நீ இருந்தா பாத்திருப்பியோன்னு ஒரு இது, அவ்வளவுதான். குடி, ஆறிரும்," என்றாள். நான் குடித்தேன். காசு எடுத்தபோது வாங்க மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெற்றவள் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டபோது நான் அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

அன்று மாலை இவர் வேலையிலிருந்து வந்ததும் சால்வையைத் தூக்கி மேசைமேல் போட்டேன். காடியின் பின்பெட்டியில் சுருட்டி வைத்திருந்ததை நான்தான் எடுத்துத் துவைத்து வைத்திருந்தேன்.

"போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"மெதுவா பேசு. சொன்னா யாருக்கு சுசா, யாருக்குக் கஷ்டம்னு நெனக்கிற? தனேசுக்குத்தான். டூட்டில வெஸ்ட மறைச்சான்னு அவன் மேலயே எழுதுவாங்க. ஆஸ்பத்திரியில கெடக்குறவனுக்கு அது வேறயா? அவனுக்காகத்தான் நான் பாக்கறேன்."

"அவனுக்காகவா?"

அவர் சால்வையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். நல்ல காரணம்தான். உண்மையும்கூட. எங்களுக்கு வசதியாக ஓர் உண்மை அமைந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

"நான் கழட்டுறேன்னு அவன் சொன்னான்ல. நீங்கதானே வேணாம்னீங்க," என்றேன்.

"ஒனக்குக் கேட்டிச்சா?"

"பக்கத்துலதானே நின்னேன். ஊக்கு குடுத்தது யாரு?"

அவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்புக்காரர், சட்டென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. தூங்கினால் அவன் "கழட்டிக் குடுத்துர்றேனே" என்று கேட்பதுதான் காதில் விழுகிறது என்றார். படம் எடுக்கத்தான் நிறுத்தி வைத்தேன் என்று தானாகச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். கடைசியில் அவர்தான் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை போலாம். மொதல்ல தனேஸ்கிட்ட சொல்லுவோம். அவன்கிட்டச் சொல்லாமப் போனா தப்பு. அங்கேருந்து நேரா போலீஸ் பாலாய்க்குப் போயிருவோம். பெர்மிட் போனாப் போவுது. இராமசாமி என்னா வேணாலும் பேசட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். போகும் வழியில் அவனுக்குக் கொடுக்கக் கோழி எசன்ஸ் பாட்டில்கள் வாங்கினோம். காடியில் லேசாகப் பாட்டுகூட முணுமுணுத்தார். தண்டனை என்னவென்று தெரியாவிட்டாலும் முடிவு எடுத்துவிட்ட மனுஷருக்கு வருகிற ஒரு தெம்பு அது. எனக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நாங்கள் நல்லவர்கள்தான், கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டில் தனேஸ்வரன் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தான். காலில் கம்பிகள் போட்டுத் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் மனைவி துளசி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சிரிக்கவில்லை.

"வாங்கண்ணே. வாங்கக்கா," என்றான் தனேஸ்வரன்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சால்வை எங்கள் வீட்டில் இருப்பதைச் சொன்னார், இன்ஸ்பெக்டரிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னார், படத்துக்காகத்தான் கழற்ற வேண்டாம் என்றதையும் சொன்னார். "எல்லாம் என்னோட சாலா, என் தப்புதான் தம்பி. இப்ப நேரா பாலாய்க்குப் போறேன். ஒன்கிட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்," என்றார்.

தனேஸ்வரன் தன் காலைப் பார்த்தான்.

"நான் சொல்லிட்டேன் அண்ணே," என்றான்.

"என்னா சொன்னே?"

"புதன்கெழமை இன்ஸ்பெக்டர் வந்தாங்க. தூறலா இருந்திச்சு, குளுந்திச்சு, கோயில்ல கெடந்த சால்வைய நானே எடுத்துப் போத்திக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் பையன் மேல தப்பு இல்லன்னும் எழுதிட்டேன். அவன் மேல போட்ட கேஸ வாபஸ் வாங்கிருவாங்க."

"நீயா? நீ ஏன் தம்பி... அப்ப ஒனக்கு?"

"இலாகா விசாரணை வைப்பாங்க. ரோட்டுக்குத் திரும்ப விட மாட்டாங்க. கால் இப்படி இருக்கு, எப்படியும் விட மாட்டாங்க." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "அம்மன் பேரச் சொல்லிக் கோயிலுக்கு ஆபத்து வரக்கூடாதுல்ல."

துணி மடித்துக்கொண்டிருந்த துளசியின் கை நின்றது. "அவரு பேசிக்கிட்டேதான் இருந்தாரு, மகேன் அண்ணன் வந்து சொல்லிருவாரு, இன்னிக்கு வந்துருவாருன்னு. கமிட்டியில எல்லாரும் வெஸ்ட் போட்டிருந்தாருன்னு மட்டும் சொல்லிருக்காங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்ன பெறகுதான் இவரு எழுதிக் குடுத்தாரு," என்றாள்.

"துளசி, விடு," என்றான் அவன்.

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் இப்பவே போய் மாத்திச் சொல்றேன் தம்பி. நான்தான் போத்துனேன், நான்தான் கழட்ட வேணாம்னேன்னு..."

"வேணாண்ணே. இப்ப போய் நீங்க அப்படிச் சொன்னா நான் பொய் வாக்குமூலம் குடுத்தவனா ஆயிருவேன். கவனக் கொறைவுன்னா ஏதாச்சும் ஆபீஸ் வேலையா பாத்துக் குடுப்பாங்க. போலீஸ்காரன் பொய் எழுதுனான்னா வேலையே போயிரும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருங்க, அது போதும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற முகம், அதில் என்ன ஓடினாலும் எனக்குத் தெரியும். கண் கலங்கித்தான் இருந்தது, வருத்தம் உண்மையான வருத்தம்தான். ஆனால் அதற்கு அடியில், பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல அவர் தோள் மெல்லத் தளர்ந்தது. பாலாய்க்குப் போக வேண்டாம். இராமசாமியிடம் பேச்சு வாங்க வேண்டாம். பெர்மிட் போகாது. அவர் முகத்தில் வந்தது நிம்மதி.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைத் திட்ட வாய் வரை வந்தது. அப்போதுதான் துளசி அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். என் முகத்தில் அவள் எதைக் கண்டுகொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. என் தோளும் தளர்ந்துதான் இருந்தது.

அவள் கோழி எசன்ஸ் பையை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு தூங்கணும். நீங்க போங்கக்கா," என்றாள்.